கசிவதும் பீச்சுவதும்

புத்தூரில் என் அக்கா வீட்டுச் சமையலறையில், எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் புட்டி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடம்பெல்லாம் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும், வாய் மட்டும் ஒல்லியாக நீண்டிருக்கும். அழுத்தினால் உள்ளே இருக்கிற தூள் புஸ்ஸென்று பறக்கும். அக்கா அதில் எறும்புப் பவுடரை நிரப்பி வைத்திருக்கிறாள். மேடை இடுக்கில் எறும்பு வரிசை தெரிந்ததும் புட்டியை எடுப்பாள், குறி பார்ப்பாள், அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ரத்தம், எலும்பு, ரம்பம் எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவளை விரட்ட ஒரு எறும்புப் பவுடர் புட்டி போதும் என்று தெரிந்தால் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் சிரித்தே உயிரை விடுவார்கள்.

அந்தப் புட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது மாமாவால். மாமா என்றால் அக்காவின் கணவர். நகரிப் பக்கத்துக்காரர். நாங்கள் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேடு அருகே ஒரு கிராமம். எங்கள் நைனா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்தவர். எங்கள் தலைமுறையில்தான் ஊரைவிட்டுக் கால் வெளியே போனது. நான் சித்தூரில் நர்சிங் படித்துத் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சித்தப்பா பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிச் சென்னைப் பக்கம் போனார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கடையாக வந்து குவிந்த அந்த நாட்களில் மருந்து கம்பெனிகளும் ஊர் ஊராக ஆள் எடுத்தன. மாமா மெடிக்கல் ரெப் ஆனார். எங்கள் சொந்தத்தில் முதன்முதலில் கழுத்தில் டை கட்டியவர் அவர்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற சித்தூர் வீதிகளில், மூடிய காலருக்குமேல் வியர்வை வழிய, மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருப்பார். அவர் டையைப் பார்த்து நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. உள்ளுக்குள் எங்கள் எல்லாருக்கும் பெருமைதான்.

அவர் விற்றதிலேயே அவருக்குப் பிடித்த சரக்கு, ரத்தத்தை நிறுத்தும் பவுடர். அறுவை சிகிச்சையின்போது பயன்படுத்துவது. பார்க்க மைதா மாவுபோல இருக்கும், ஆனால் மாவைவிட லேசு. ரத்தத்தில் இருக்கும் நீரை அது சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், ரத்தம் அந்த இடத்திலேயே கூழாகிக் கட்டிக்கொள்ளும். தையலைப் பிரிப்பதுபோலப் பிறகு அதை எடுக்க வேண்டியதில்லை, கொஞ்ச நாளில் உடம்பே கரைத்துக்கொள்ளும். ஈரலை வெட்டினால், தசையைப் பிரித்தால், தைக்க ஒரு ரத்தக்குழாயும் கண்ணில் படாமல் பரப்பு முழுக்க முத்துமுத்தாக ரத்தம் துளிர்க்கும். அதை எங்கே பிடித்துக் கட்டுவது? அந்த இடத்துக்குத்தான் அந்தப் பவுடர். நாடி என்கிற பெரிய ரத்தக்குழாய் அறுந்து துடிக்கத் துடிக்கப் பீச்சும் ரத்தத்துக்கு அது ஆகாது. ஆற்று வெள்ளத்தில் மாவைக் கொட்டியது போலத்தான், அடித்த வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். அதைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும் அல்லது தைக்க வேண்டும். இதை மாமாவைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பீச்சறதை நீங்க கட்டுங்க சார், கசியறதை எங்ககிட்ட வுடுங்க" என்பார். திருப்பதியில் அதைத் தெலுங்கில் சொல்வார், சித்தூரில் டாக்டரைப் பார்த்துத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்வார், பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆங்கிலத்தில் சொல்வார். எங்கள் தியேட்டர் வாசலிலும் நின்று சொன்னார். எங்கள் சர்ஜன் சார் சிரித்துவிட்டு வாங்க ஏற்பாடு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஒத்திகை நடக்கும். கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்குவார். கூடவே ரத்தமும் வாங்குவார். எல்லாரும் பொரியலுக்காக உறைந்த ரத்தம் கேட்கும் கடையில், இவர் மட்டும் உறையாத ரத்தம் வேண்டுமென்று உப்புப் போட்டுக் கலக்கச் சொல்லி வாங்கிவருவார். கடைக்காரர் இவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார். ஈரலைத் தட்டில் வைத்து, கத்தியால் கீறி, ரத்தத்தை ஊற்றி, டாக்டர் முன்னால் நிற்பதுபோல நின்றுகொண்டு ஆரம்பிப்பார். "துணியை எடு. தொடச்சி வுடு. பவுடர் அடி. மேல லேசா அமுக்கு. இப்ப பாரு." தேதி முடிந்த சாம்பிள் புட்டியை, அந்த மடிப்பு வைத்த வெள்ளைப் புட்டியைத்தான், அழுத்துவார், ரத்தம் அப்படியே கட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மந்திர வித்தை பார்க்கிற மாதிரி வந்து நிற்பார்கள். அக்கா மட்டும் கரண்டியோடு நின்று கத்துவாள். "துன்ற பண்டத்துமேல மருந்தடிச்சா அப்புறம் யாரு துன்றது? உங்க கம்பெனி மேனேஜர் வந்து துன்னுவாரா?" கத்திவிட்டு அவளும் பார்ப்பாள். அவர் சொல்லும் அந்த வரிகள் அவளுக்கும் மனப்பாடம். செத்த ஆட்டு ஈரலில் துடிப்பு இல்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது, தோன்ற வேண்டிய அவசியமும் அன்றைக்கு இருக்கவில்லை.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி டீப்பாய் இருந்தது. திருப்பதியில் வாங்கி, வைக்கோல் சுற்றி, வண்டியில் கொண்டுவந்தது. டையைப் போலவே அதுவும் மாமாவின் பெருமைகளில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுவரில் ஓடாமல் நின்றிருந்த கடிகாரத்தை எடுக்க நாற்காலியைத் தேடச் சோம்பல்பட்டு, அந்த டீப்பாய்மேல் ஏறினார். கண்ணாடி உடைந்தது. உள்ளே இறங்கிய காலின் தொடையை, முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கமாக, ஒரு துண்டுக் கண்ணாடி ஆழமாகக் கிழித்துவிட்டது.

நான் அன்று பகல் டியூட்டியில் இருந்தேன். கைப்பேசி எடுத்ததும் அக்காவின் குரல். அழுகை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "பவுடர் அடிச்சிக்கினே இருக்கேன்டீ. நிக்கல. சாம்பிள் பெட்டியே காலியாவுது. நிக்கல" என்றாள். ரத்தம் எப்படி வருகிறது என்று கேட்டேன். "விட்டு விட்டு வருது. சுவத்துல அடிக்குது" என்றாள். எத்தனையோ விபத்துகளைத் தியேட்டருக்குள் வாங்கியிருக்கிறேன், அவர்களில் ஒருவரும் என் அக்கா வீட்டு முன்னறையில் கிடந்ததில்லை. பவுடரைத் தூக்கிப் போடு, கிடைத்த துணியைக் காயத்துக்குள் திணி, முஷ்டியை மடக்கி உன் முழு எடையையும் போட்டு அழுத்து, யார் சொன்னாலும் எடுக்காதே, அப்படியே கொண்டுவா என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்தது திருமலைக்குப் போகிற ஒரு வேன். சென்னைப் பக்கத்திலிருந்து மொட்டை போட வேண்டிக்கொண்டு வந்த குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோட்டில் இறங்கிக் கைகாட்டியதும் நிறுத்தி, பின் சீட்டை மொத்தமாக ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ரேணிகுண்டா தாண்டும்வரை அந்தக் குடும்பத்துப் பாட்டிகள் கோவிந்தா கோவிந்தா என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்களாம். அக்கா எதையும் கேட்கவில்லை. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் மண்டியிட்டு, மாமாவின் தொடைக்குள் முஷ்டியை ஊன்றி, வழி முழுக்க அப்படியே வந்திருக்கிறாள்.

தள்ளுவண்டி உள்ளே வந்தபோது நான் பார்த்ததை இன்னும் என் கண் மறக்கவில்லை. அக்கா வண்டியோடு வண்டியாகக் குனிந்தபடி ஓடிவந்தாள். அவள் கை முழங்கைவரை வெள்ளையும் சிவப்புமாகப் பிசைந்த மாவு. புடவையில் மாவு, தலைமயிரில் மாவு. மாமாவின் கால் முழுக்க அந்தக் கூழ் அப்பிக் கிடந்தது. முகம் சுண்ணாம்பு நிறம். அந்தப் பவுடரை நான் எத்தனை முறை சிட்டிகை சிட்டிகையாக, வீணாக்காமல், சர்ஜன் சார் காட்டிய இடத்தில் மட்டும் அடித்திருக்கிறேன்! ஒரு மனிதன் உடம்பில் அது அப்படி வாரிக் கொட்டப்பட்டிருப்பதைப் பார்த்து நான் செய்ய வேண்டிய வேலையை மறந்து நின்றுவிட்டேன். சர்ஜன் சார்தான் என் தோளைத் தட்டினார்.

தொடையின் மேல்பகுதியில் பட்டையை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினோம். மயக்க மருந்து டாக்டர் தயார். இனி அக்கா நகரலாம். "செய்யி தீய்யம்மா" என்றார் சர்ஜன் சார். கையை எடும்மா என்று தெலுங்கில் சொன்னார். அக்காவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். அவள் எடுக்கவில்லை. நான் சொன்னேன், "அக்கா, நான் வந்துட்டேன். கையை எடு." அவள் என்னை யாரோ மூன்றாம் மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மாட்டேன்" என்றாள். "மேல கட்டியிருக்கோம்க்கா, பீச்சாது. டாக்டர் சொல்றாரு பாரு." "யார் சொன்னாலும் மாட்டேன்" என்றாள். உயிர் போகிற நேரத்தில் ஒரு தியேட்டரே அவள் முன்னால் கெஞ்சிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் கையுறை போட்ட என் முஷ்டியை அவள் முஷ்டிமேல் வைத்து, அவள் அழுத்துகிற அளவுக்கே அழுத்தி, அதன் பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் கைக்குக் கீழேயிருந்து உருவினேன். உருவிய பிறகும் அந்தக் கை விரியவில்லை. மூடிய முஷ்டியோடுதான் அவளை வெளியே அழைத்துப் போனார்கள். பயத்தில் புத்தி மரத்துவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலை, அந்தக் கூழைக் கழுவியது. சலைன் ஊற்றினோம், உறிஞ்சினோம், திரும்ப ஊற்றினோம். அதற்கு அடியில்தான் நாடி எங்கேயோ இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டி உடைந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் கீழே கால் முழுக்க அடைத்துக்கொள்ளும் என்று சர்ஜன் சார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் கிழிசல் தெரிந்தது. முழுக்க அறுபடவில்லை, ஒரு பக்கம் மட்டும் வாய் பிளந்திருந்தது. அவர் அதைத் தைத்து முடித்துப் பட்டையைத் தளர்த்தினார். பாதத்தில் நாடித் துடிப்பு திரும்பியதை என் விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. ரத்தம் அவ்வளவு போய்விட்ட உடம்பில் உறைகிற சக்தியும் போய்விடும். கிழிந்த தசை முழுக்க, இங்கே அங்கே என்று சொல்ல முடியாதபடி, துளிர்த்துக்கொண்டே இருந்தது. துணி வைத்து அழுத்தினால் நிற்கும், எடுத்தால் துளிர்க்கும். சர்ஜன் சார் நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டி, "பவுடர்" என்றார். மாமா எங்களுக்கு விற்றிருந்த புட்டிகளில் ஒன்றைத்தான் பிரித்தேன். துணியை எடுத்தோம். துடைத்தோம். அடித்தார். லேசாக அழுத்திக் காத்திருந்தோம். நின்றுவிட்டது. எந்தப் பவுடர் அவரைக் கொல்லப் பார்த்ததோ, அதே பவுடர் அந்த மேஜையிலேயே அவரைக் காப்பாற்றியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது.

மாமா பிழைத்துக்கொண்டார். காலும் பிழைத்தது, ஆனால் நடை கொஞ்சம் இழுத்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெளியே போய்ப் பேசியது ஒன்றுதான். படிக்காத பொம்பளை கையில் மருந்து கிடைத்தால் இப்படித்தான், புருஷனைக் கூழ் காய்ச்சியிருப்பாள், தங்கச்சி மட்டும் போனில் சொல்லாவிட்டால் அன்றைக்கே பாடை கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். என்னைப் புகழ்வதற்காக அவளைத் திட்டினார்கள். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் அந்தக் கதை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். "பவுடர்க்காரம்மா வருது" என்று முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் எகிறுவேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து, "வுடு, துன்னுட்டுப் போலாம்" என்பாள். மாமா அந்த நேரங்களில் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். அவமானம் அவருக்கும் இருக்கும்தானே என்று நினைத்தேன்.

அந்தக் காலோடு மோட்டார் சைக்கிள் வேலை முடியாமல், சில வருஷங்களுக்குப் பிறகு மாமா எங்கள் சத்தியவேட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். முதலுதவி அறைக்குப் பொறுப்பு. டை போய் யூனிஃபார்ம் வந்தது. போன மாதம் அங்கே தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு வைத்தார், என்னையும் பேச அழைத்தார். சத்தியவேடு, நாகலாபுரம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண்களும் பையன்களும் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. ரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டார். மஞ்சள் தூள் என்றாள் ஒருத்தி. காப்பித்தூள் என்றான் இன்னொருவன். ரத்தம் நிற்க ஏதோ பவுடர் கடையில் விற்கிறதாமே என்றான் வேறொருவன்.

மாமா பேண்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டித் தழும்பைக் காட்டினார். "இது கண்ணாடி கிழிச்சது. கிழிச்ச உடனே என் சம்சாரம் டவலை வச்சி ரெண்டு கையாலயும் அமுக்கிக்கினா. நின்னுக்கினுதான் இருந்துச்சி. நான்தான் டவலை எடு, தொடச்சி வுடு, பவுடர் அடின்னேன். அவ மாட்டேன்னா. அமுக்குனா ரத்தம் நிக்குதுங்க, எடுக்க மாட்டேன்னா. உனக்கு இன்னா தெரியும், இது என் தொழில், எடுடீன்னு திட்டுனேன். எடுத்தா." பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். "எந்த ரத்தத்துக்கு அந்தப் பவுடர்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கினு திரிஞ்சவன் நானு. என் ரத்தத்தைப் பார்த்ததும் தினமும் சொல்ற வரிதான் வாயில வந்துச்சி, புத்தி வரல. அதனால எந்தப் பவுடரும் வேணாம். கையை வையுங்க. எவன் சொன்னாலும் எடுக்காதீங்க."

நான் மேடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்துப் பேச வேண்டியவள் நான். என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. அப்படியானால் அவர் போட்ட உத்தரவு அது! இத்தனை வருஷம் ஊர் அவளைக் கிழித்துத் தொங்கப் போட்டபோது இந்த மனிதர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாரா? முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் சொல்ல முடிந்ததைச் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியவில்லையா? வகுப்பு முடிந்து டீ கொடுத்தார். வாங்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பஸ் பிடித்துப் புத்தூரில் இறங்கினேன்.

அக்கா சமையலறையில் இருந்தாள். கையில் அந்தப் புட்டி. செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டேன். "ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டாரா?" என்றாள். அவ்வளவுதான். ஆச்சரியம்கூட இல்லை.

"எல்லாரும் உன்னை இன்னா பேச்சு பேசினாங்க!"

"எனக்குப் படிப்பில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. புதுசா இன்னா போச்சி? தான் விக்கிற மருந்து எதுக்குன்னு அவருக்கே தெரியலன்னு வெளியே போச்சின்னு வையி, அப்புறம் எந்த டாக்டரு அவரை உள்ள வுடுவாரு? அந்த ஒரு பேச்சை வச்சித்தானே நாங்க சோறு துன்னுக்கினு இருந்தோம். என்மேலயே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"உனக்குக் கோவமே வரலயா?"

அக்கா எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வராம? அன்னிக்கி உங்க தியேட்டர்ல நீ எடுன்னே. உங்க டாக்டரு எடுன்னாரு. நான் பயந்துக்கினு எடுக்கலன்னுதானே நீ நெனச்சே? பயம் எல்லாம் வேன்லயே போயிடுச்சி. விஷயம் தெரிஞ்சவரு சொல்றாருன்னு வீட்டுல ஒருவாட்டி கையை எடுத்தேன்டீ. போதும்."

புட்டியை அழுத்தினாள். புஸ்ஸென்று இடுக்கில் வெள்ளையாகப் படிந்தது. நான் வெளியே போகாமல் அங்கேயே நின்றிருந்தேன். புட்டியின் வாய் ஈரமானால் பவுடர் அடைத்துக்கொள்ளும் என்று மாமா என்றோ சொல்லிக் கொடுத்திருப்பார். அக்கா முந்தானையால் அந்த ஒல்லி வாயைச் சுத்தமாகத் துடைத்து, மூடியைப் போட்டு, புட்டியை எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு, அவர் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் என்று சொல்லி, மாமாவுக்குக் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினாள்.